சூடான மூலை

மபுட்சோவில் ஜூலை என்றால்
குழாய்க்குள் தண்ணீர் விடியும்வரை கல்.
இரவு ஷிப்டில் ஜீன்ஸ் தைக்கும் பெண்கள்
தேநீர் நேரத்தில்
மின்பேனல் இருக்கும் மூலைக்குத்தான் போவார்கள்.
கம்பளிப் போர்வையை இழுத்துக்கொண்டு
இரும்புக் கதவில் முதுகு சாய்த்து நிற்பார்கள்.
"இந்தக் கட்டடத்தில்
இரக்கமுள்ளது இது ஒன்றுதான், லிம்ஃபோ"
என்றாள் மட்ஸெலிசோ.

நான் சிரிக்கவில்லை.
இரும்புக்கு இரக்கம் வந்தால்
எலக்ட்ரீஷியனுக்குத் தூக்கம் போய்விடும்.

கதவைத் திறந்தேன்.
முகக்கவசத்தில் என் மூச்சே பனியாகப் படிந்தது.
ஆலையை மூன்று முறை பெரிதாக்கியவர்கள்
பேனலை ஒரு முறையும் பெரிதாக்கவில்லை.
மசேரு போகும் கடைசி வேனில் ஆட்களைப் போல
கேபிள்கள், ஒன்றின் மடியில் ஒன்று.
என் பழைய கிளாம்ப் மீட்டர்
வாயைத் திறந்து திறந்து பார்த்தது.
கடிக்க இடமில்லை.

பையிலிருந்து மற்றதை எடுத்தேன்.
பார்த்தால் மீட்டர் என்று சொல்லமாட்டீர்கள்.
சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு வால்.
உள்ளே இரும்பு கிடையாது,
ஒன்றுமில்லாததைச் சுற்றிச் சுற்றி
தலைமுடி போன்ற செம்புக் கம்பி.
கேபிளுக்குப் பின்னால் நுழைத்து
மறுபக்கம் தடவிப் பிடித்து
நுனியை அடியோடு சேர்த்தால்
ஒரு சின்ன 'டிக்'.
வெட்டுவதில்லை, பிரிப்பதில்லை.
சுற்றி நின்று கேட்கிறது, அவ்வளவுதான்.

சிவப்பு: நூற்றுப் பதினெட்டு.
மஞ்சள்: நூற்று இருபத்தொன்று.
நீலம்: நூற்றுப் பத்தொன்பது.
நல்ல பிள்ளைகள்.

பிறகு கறுப்பு.
மற்றவற்றில் பாதிப் பருமன்.
நியூட்ரலில் என்ன ஓடிவிடப் போகிறது என்று
யாரோ செம்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நூற்று எண்பத்தேழு.

கழற்றினேன். பூட்டு சரியாக விழவில்லையோ?
மறுபடி மாட்டினேன்.
நூற்று எண்பத்தேழு.

புதிய தையல் மெஷின்களின் மோட்டார்கள்
மின்சாரத்தை வழுவழுவென்று குடிப்பதில்லை.
கடித்துக் கடித்துத் தின்கின்றன.
மூன்று பேஸிலும் சிந்திய துணுக்குகள்
ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல்
கைகோத்து வந்து ஏறிய இடம்
இந்த மெலிந்த கறுப்பு.

சூப்பர்வைசர் மொட்லாட்சி வந்தான்.
வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போக வேண்டிய
பதினோராயிரம் கால்சட்டைகள்
அவன் நெற்றியில் மடிந்திருந்தன.
"நாலையும் சேர்த்துச் சுற்று" என்றான்.
சுற்றினேன்.
பூஜ்யம்.
"பார்த்தாயா? இதை எழுது."

"போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள்
என்றுதான் இந்தப் பூஜ்யம் சொல்கிறது.
யார் முதுகில் ஏறித் திரும்பினார்கள்
என்று சொல்லவில்லை" என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து
ஒரு அடி முன்னால் வந்தான்.
அங்கேதான் அந்த வாசனை இருந்தது.
கறுப்பின் தோல், பூட்டுத்திருகின் அருகே
அடிப்பிடித்த பால் போலப் பழுப்பாகியிருந்தது.
மூக்கைச் சுருக்கினான்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
மறுபடி மூக்கைச் சுருக்கினான்.

இரவு இரண்டு பத்துக்கு
நானூறு ஊசிகள் ஒன்றாக நின்றன.
அந்த அமைதியில் ஒருத்தி தும்மினாள்,
வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

பாலத்துக்கு அந்தப்பக்கம்
ஃபிக்ஸ்பர்க்கிலிருந்து கேபிள் வந்தது.
ஞாயிறு முழுக்க வேலை.
இப்போது எல்லாவற்றிலும் தடித்தது கறுப்புதான்.
வெள்ளிக்கிழமைக் கப்பல்
கால்சட்டைகள் குறைவாகத்தான் போனதாம்.
அந்தக் கணக்கில் என் பெயரும் இருந்ததாம்.

திங்கள் இரவு, மைனஸ் நான்கு.
மட்ஸெலிசோ கதவில் சாய்ந்தாள்.
நிமிர்ந்தாள்.
உள்ளங்கையை மேலே வைத்தாள், கீழே வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பது போல.
"செத்துவிட்டதா?"
"பிழைத்துவிட்டது."

"அப்படியென்றால்
நாங்கள் எங்கே போய் நிற்பது?"

நான் அந்த வாலைச் சுருட்டிப்
பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.
குளிரில் விறைத்துப்போய்
அது மடங்க மறுத்து
விரிந்து விரிந்து வெளியே வந்தது.